"18 வருஷம் இருந்தேன், 18 நாள்கூடச் சுத்திப் பார்க்கலை!" - கணவர் உழைத்த மஸ்கட்டுக்குத் தனியே கிளம்பும் முதலியார்பேட்டை பெண்ணின் பயணத் திட்டம்

புதுச்சேரி, முதலியார்பேட்டை. கடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெரு. மாடி வீட்டுக் கூடத்தில், பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் 54 வயதுப் பெண்மணி. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'மஸ்கட் - 5 ராத்திரி'.

எதிரே நாற்காலியில் அவருடைய கணவர். முழங்கால் தேய்மானம், பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும் உடம்பு. ஏ.எஃப்.டி மில்லில் பதிலித் தொழிலாளியாக இருந்தவர். நிரந்தர வேலை கைக்கு வராமல் போகவே, 1999-ல் ஏ.சி மெக்கானிக்காக ஓமனுக்கு விமானம் ஏறினார். 2017-ல்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். நடுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அவ்வளவுதான் குடும்ப வாழ்க்கை.

"வீடு கட்டினது மஸ்கட் காசு. பொண்ணைப் படிக்க வெச்சது மஸ்கட் காசு. ஆனா அந்த ஊர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் ஒருதடவை பார்க்கணும்" என்று அந்தப் பெண்மணி சொன்னபோது, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் விடாமல் சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

"அங்கே வேலைக்குத்தான்மா போவாங்க. சுத்திப் பார்க்க யாராவது போவாங்களா? அதுவும் தனியா?" என்று மகள் பதறினார். கணவர்தான் பேச்சை முடித்துவைத்தார். "நான் அங்கே 18 வருஷம் இருந்தேன். 18 நாள்கூடச் சுத்திப் பார்த்திருக்க மாட்டேன். கேம்ப், சைட், திரும்பக் கேம்ப். என்னால இனிமே நடக்க முடியாது. நீ போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

பொங்கல் முடிந்து, ஜனவரிக் கடைசியில் பயணம். அதற்காக இந்த வீட்டில் நடந்த ஏற்பாடுகள், தனியே வெளிநாடு கிளம்ப நினைக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்

அவர் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். அதனால், அவருடைய பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்' வகையைச் சேர்ந்தது. அதாவது, ஓமன் உள்ளிட்ட குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு இந்தச் சோதனை கிடையாது.

"அப்போ எனக்கு அனுமதி கிடைக்காதா?" என்று பயந்துவிட்டார். பயப்படத் தேவையில்லை. இந்த அனுமதி, வேலைக்குச் செல்பவர்களுக்கு மட்டும்தான். சுற்றுலா போகிறவர்களுக்கு அவசியமில்லை. ஆனால், 'சுற்றுலாதான் போகிறேன்' என்பதைக் காட்டும் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. வளைகுடாவில் வீட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, விசிட் விசாவில் பெண்களை ஏற்றிவிடும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வது, சம்பளம் தராமல் இழுத்தடிப்பது என்று சிக்கித் தவித்த பெண்கள் பலர். இ.சி.ஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள், 30 வயதுக்கு முன் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல அரசு அனுமதிப்பதில்லை. அதைத் தாண்டுவதற்குத்தான் விசிட் விசா என்ற குறுக்குவழி. எனவே, தனியாக வளைகுடா செல்லும் பெண்ணிடம் குடியேற்ற அதிகாரி நாலு கேள்வி அதிகம் கேட்டால் கோபப்பட வேண்டாம். 'விசிட் விசாவில் போங்க, அங்கே போய் வேலை மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பெண்மணியின் பிளாஸ்டிக் ஃபைலில் இப்போது இருப்பவை: திரும்பி வரும் டிக்கெட், ஐந்து இரவுக்கான ஹோட்டல் முன்பதிவு, விசா நகல், பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, தினமும் எங்கே போகிறார் என்ற ஒரு பக்கத் திட்டம். எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஒன்று மகளிடம்.

ஒரே தெரு... இரண்டு பாஸ்போர்ட்!

விசா பேச்சு எடுத்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "எங்களுக்கு விசாவே வேண்டாம்க்கா!" அவர்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது. புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு இணைந்து, 1962-ல் அது சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டவர்களை 14 நாள்களுக்கு விசா இல்லாமல் அனுமதிக்கிறது ஓமன். அதில் பிரான்ஸும் ஒன்று.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இ-விசா எடுக்க வேண்டும். ராயல் ஓமன் போலீஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, ஷெங்கன் போன்ற விசாக்கள் நடப்பில் இருந்தால் சலுகை உண்டு. விதிகள் மாறும் என்பதால், டிக்கெட் போடுவதற்கு முன் அந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பார்ப்பதற்கு அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்கள் கூடுதல் கட்டணம் கறந்துவிடும். கவனம்!

எப்போது போகலாம்?

"மே மாசம் மட்டும் வேண்டாம். இரும்புக் கம்பியைத் தொட்டா கை வெந்துடும்" என்கிறார் 18 கோடைகளை மொட்டை மாடி ஏ.சி மெஷின்கள் பக்கத்தில் கழித்தவர். கோடையில் மஸ்கட்டில் வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல பருவம். அந்த இடைவெளியில் ரம்ஜான் மாதம் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடவோ, தண்ணீர் குடிக்கவோ கூடாது. கடைகள் திறக்கும் நேரமும் மாறும்.

சென்னையிலிருந்து மஸ்கட்டுக்கு நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். முதலியார்பேட்டையிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பேருந்தென்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி மாறலாம். பெட்டியும் கையுமாக, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதால் காரே முடிவானது.

பைசா நம்ம ஊர்ப் பைசா இல்லை!

ஓமன் ரியால், உலகின் மதிப்பு மிக்க நாணயங்களில் ஒன்று. ஒரு ரியால் நம் பணத்தில் 220 ரூபாய்க்கும் மேல். ஒரு ரியாலுக்கு 1,000 பைசா. 'பைசா' என்ற பெயரே நம்மிடமிருந்து போனதுதான். 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி, வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. மற்ற வளைகுடாப் பகுதிகள் 1960-களில் அதைக் கைவிட்ட பிறகும், ஓமனில் 1970 வரை அது புழங்கியது.

"டாக்ஸிக்காரர் அஞ்சு ரியால்னு சொன்னா, அஞ்சுதானேன்னு குடுத்துடாதே. ஆயிரத்து நூறு ரூபாய்க்கும் மேலே" என்று கணவர் எச்சரித்ததும், நோட்டின் பின்அட்டையில் வாய்ப்பாடு மாதிரி எழுதிக்கொண்டார்: கால் ரியால், அரை ரியால், ஒரு ரியால்... எதிரே ரூபாய்க் கணக்கு.

அவர் இருந்த காலத்தில், ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த 'பைசா பஸ்' என்னும் குட்டி வேன்கள்தான் தொழிலாளர்களின் வாகனம். 2015-க்குப் பிறகு, 'முவாசலாத்' என்ற அரசு நிறுவனத்தின் சிவப்புப் பேருந்துகள் நகருக்குள் ஓடுகின்றன. விமான நிலையத்திலிருந்து ருவிக்கும் பேருந்து உண்டு. இரவில் இறங்குபவர்கள் மட்டும் 'ஓ டாக்ஸி' போன்ற செயலியில் பதிவு செய்துகொள்வது உத்தமம். கட்டணம் முன்பே தெரிந்துவிடும், வண்டி எண்ணை வீட்டுக்கும் அனுப்பிவிடலாம்.

அவர் இன்னமும் 'சீப் ஏர்போர்ட்' என்றுதான் சொல்கிறார். 2008-ல் அதற்கு மஸ்கட் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் மாறியது. 2018-ல் திறந்த புதிய முனையத்தை அவர் பார்த்ததில்லை. மனைவி பார்க்கப்போகிறார்.

எங்கே தங்குவது?

கடலோரமான முத்ராவில் தங்க அவருக்கு ஆசை. கணவர் சொன்ன இடம் ருவி. இந்தியக் கடைகளும், தோசையும் சாப்பாடும் கிடைக்கும் உணவகங்களும் நிறைந்த பகுதி. தமிழும் மலையாளமும் காதில் விழும். முத்ரா அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். தனியாகப் போகிறவருக்கு, ராத்திரி பசித்தால் இறங்கி நடந்துபோய்ச் சாப்பிட்டு வரும் தூரம் முக்கியம் என்பதால், ருவியே வென்றது.

நோட்டில் இருக்கும் ஐந்து நாள்

ஓமனில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. இது தெரியாமல் திட்டம் போட்டால் பாதி இடங்கள் பூட்டியிருக்கும். அதனால் செவ்வாய் இரவு போய் இறங்குவதுபோல டிக்கெட்.

புதன் - முத்ரா: காலையில் மீன் அங்காடி. வஞ்சிரமும் சூரையும் வந்து குவியும் இடம். முதலியார்பேட்டைக்காரருக்கு மீன் பார்க்கச் சொல்லித்தரவா வேண்டும்! பிறகு, துறைமுகத்தை ஒட்டி வளைந்து போகும் கடற்கரைச் சாலையில் நடை. நம்ம ஊர்க் கடற்கரைச் சாலை நேர்க்கோடு. இது பிறை வடிவம். பின்னால் மொட்டைப் பாறை மலைகள், முன்னால் வெள்ளை வீடுகள். துபாய் மாதிரி வானுயரக் கட்டடங்கள் இங்கே கிடையாது. சாயங்காலம் முத்ரா சூக் என்னும் பழைய சந்தை. மதியம் மூடிவிட்டு மாலையில் திறப்பார்கள். தைரியமாகப் பேரம் பேசலாம்.

சந்தைக்குள் நுழைந்ததும் வரும் வாசம், பறங்கிச் சாம்பிராணி. ஓமனின் தெற்கே தோஃபார் பகுதியில் விளையும் மரத்துப் பிசின் அது. பச்சை கலந்த வெண்மையில் இருப்பதுதான் உயர்ந்த ரகம்.

வியாழன் - சுல்தான் காபூஸ் பெரிய மசூதி: 2001-ல் திறக்கப்பட்டது. கட்டியது 3 லட்சம் டன் இந்திய மணற்கல்லில். உள்ளே விரித்திருக்கும் ஒரே கம்பளம் 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். ஈரானியப் பெண்கள் 600 பேர், நான்கு வருடம் கையால் முடிச்சுப் போட்டது. எடை 21 டன். முஸ்லிம் அல்லாதவர்கள் வெள்ளி தவிர மற்ற நாள்களில் காலை 8 முதல் 11 வரை பார்க்கலாம். பெண்கள் தலைமுடி, கை, கால் முழுக்க மறைய உடுத்த வேண்டும். புடவையில் இடுப்பும் கையும் தெரியும் என்பதால், அன்றைக்கு முழுக்கைச் சுடிதாரும் பெரிய துப்பட்டாவும். மதியத்துக்கு மேல், 2011-ல் திறந்த ராயல் ஓபரா ஹவுஸ். வெயில் தாழ்ந்ததும் குரும் கடற்கரை.

வெள்ளி - நிஸ்வா: மஸ்கட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமைக் காலை அங்கே கூடும் ஆட்டுச் சந்தை பிரபலம். நகரத்தில் பல இடங்கள் மூடியிருக்கும் நேரத்தில், பதிவு பெற்ற நிறுவனத்தின் குழுப் பயணத்தில் போய் வரலாம்.

சனி - பழைய மஸ்கட்: சுல்தானின் அல் ஆலம் அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஜலாலி, மிரானி கோட்டைகள். 1507-ல் வந்த போர்த்துக்கீசியர்கள் 1650 வரை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். எதிரே, 2016-ல் திறந்த தேசிய அருங்காட்சியகம். பக்கத்திலேயே நூறு வருடங்களுக்கும் மேல் பழைமையான மோதீஸ்வரர் சிவன் கோயில். 2018-ல் பிரதமர் மோடி வந்து வழிபட்ட கோயில். "வருஷப் பிறப்புக்கு அங்கேதான் போவோம்" என்று கணவர் சொல்ல, நோட்டில் அதற்கு மட்டும் இரண்டு அடிக்கோடு.

ஞாயிறு காலை, பெட்டி கட்டிக் கிளம்ப வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் அடித்துவிட்டார்கள். 'வாடி' எனப்படும் மலைப் பள்ளத்தாக்கு நீரோடைகள். படத்தில் பச்சை நிறத் தண்ணீர் ஆளை இழுக்கும். ஆனால் மலையில் மழை பெய்தால், கீழே மழையே இல்லாத இடத்திலும் நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்துவிடும். 2024 ஏப்ரலில் ஓமனில் வந்த வெள்ளம் பள்ளிக் குழந்தைகள் உட்படப் பலரின் உயிரைக் கொண்டுபோனது. தனியாகப் போகிறவர்கள், வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

கீரன் போன வழி

மகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். அம்மாவின் பயணத்தை எதிர்த்தவரை மாற்றியது ஒரு பானை ஓடு.

முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சில கிலோமீட்டர் போனால், அரியாங்குப்பத்தை அடுத்து அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமானிய ஜாடித் துண்டுகள் கிடைத்த பழந்துறைமுகம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இங்கே வந்ததற்குச் சாட்சி அது. இங்கிருந்து அங்கே போனதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. ஓமனின் தெற்கே சலாலா அருகில் உள்ள கோர் ரோரி, சாம்பிராணி ஏற்றுமதியான பழைய துறைமுகம். அங்கே 2006-ல் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு ஒன்று அகழாய்வில் கிடைத்தது. அதில் இருக்கும் பெயர், 'ணந்தை கீரன்'. கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தமிழர்.

மஸ்கட்டிலிருந்து கோர் ரோரி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இந்தப் பயணத்தில் அங்கே போக முடியாது. ஆனாலும் மகள் அதைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "அந்தக் கீரன் வீட்டுலயும் 'தனியா போறியே'ன்னு கேட்டிருப்பாங்க இல்ல?" அதற்குப் பிறகு மகள் எதிர்க்கவில்லை. லைவ் லொகேஷன் அனுப்புவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் போட்ட ஒப்பந்தம்

* தினமும் இரண்டு முறை தகவல். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை 7 மணி என்றால் இங்கே 8.30.
* வாட்ஸ்அப் அழைப்பை மட்டும் நம்பக் கூடாது. விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம். இந்திய எண்ணில் ஓ.டி.பி வர ரோமிங்.
* ஓமனின் அவசர உதவி எண் 9999. அதோடு, அல் குவைரில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் எண்ணும் காகிதத்தில் எழுதிப் பர்ஸில்.
* பி.பி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். வலி நிவாரணிகள் சிலவற்றுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு.
* குருமாப் பொடி கொண்டுபோகக் கூடாது. அதில் கசகசா இருக்கிறது. வளைகுடா நாடுகள் பலவற்றில் அது தடை செய்யப்பட்ட பொருள்.
* அனுமதி கேட்காமல் யாரையும், குறிப்பாகப் பெண்களை, படம் எடுக்கக் கூடாது.
* 'தெரிஞ்சவர் குடுக்கச் சொன்னார்' என்று யார் தரும் பார்சலையும் கையில் வாங்கக் கூடாது.

கடைசி விதியைச் சொன்னவர் கணவர். "சொந்தக்காரங்களா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கணும்" என்று இரண்டு முறை சொன்னார்.

வெள்ளிக்கிழமைப் பக்கம்

நோட்டில் வெள்ளிக்கிழமைக்கு உரிய பக்கத்தில், மனைவியின் எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்து. நிஸ்வாவிலிருந்து திரும்பியதும் முத்ரா கடற்கரைச் சாலைக்கு மறுபடி போக வேண்டும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு வரைபடமும் போட்டிருக்கிறார் கணவர். சந்தை வாசல், சாலையைக் கடந்தால் கைப்பிடிச் சுவர், அதை ஒட்டிக் கொஞ்ச தூரம், அங்கே ஒரு பெருக்கல் குறி.

வெள்ளிக்கிழமைதான் கேம்ப்பில் விடுமுறை. குளித்து, துணி துவைத்து, ஃபோன் கார்டு வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்கு வருவார். இங்கே வீட்டில் ஃபோன் இல்லாத காலம். பக்கத்து வீட்டு லேண்ட்லைனில் ஏழு மணிக்கு மணி அடிக்கும். அரை மணி முன்னாலேயே மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் திண்ணையில் காத்திருப்பார் இவர். கார்டில் காசு தீரும் வரை பேச்சு. பேசி முடித்துவிட்டு, அந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இதை மனைவியிடம் சொன்னதே இப்போதுதான்.

"எல்லா இடத்தையும் பார்த்துட்டு வா. பார்க்கலைன்னாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு மட்டும் அங்கே நின்னு எனக்கு ஒரு ஃபோன் பண்ணு" என்கிறார்.

மஸ்கட்டில் மாலை ஐந்தரை மணி. முதலியார்பேட்டையில் ஏழு.